கொடியைக் கண்டார்கள், வலை என்று நினைத்தார்கள்: அளம்பில் பக்கத்தில் நடந்த ஒரு சுழியோடி விபத்து

கரையிலிருந்து சுழியோடப் போன ஒருவரை, அவருடைய பாதுகாப்புக்கென்று மிதக்கவிட்ட கொடியைப் பிடித்தே ஒரு மீன்பிடிப் படகு மேலே இழுத்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பில் ஒன்று எஞ்சின் விசிறியில் வெட்டுப்பட்டது, காதுக்குள் கொஞ்சம் இரத்தம் கசிந்தது, ஓர் இரவு வைத்தியசாலையில் படுக்க வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் எங்களுடைய ஆட்கள் என்பதால் பொலிஸ் வரைக்கும் போகாமல், கடற்றொழிலாளர் சங்கத்தில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அதற்கு முன் இரு பக்கத்திடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்கள். அப்படிக் கேட்டதிலிருந்து எழுதியது இது. பெயர்கள் வேண்டாம். இடம், அளம்பிலுக்கும் நாயாறுக்கும் இடைப்பட்ட கரை என்றால் போதும். எந்த வாடிக்கு (மீனவர் தங்கித் தொழில் செய்யும் கொட்டிலுக்கு) முன்னால் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நடந்தது

ஆடி மாதம், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று நின்று வீசும் காலம். முல்லைத்தீவுக் கரைக்குச் சோளகம் தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அதனால் கரையோரம் தட்டையாகக் கிடக்கும், தண்ணீரும் தெளியும். வாடைக் காலத்தில் கிட்டப் போகவே பயப்படுகிற இதே கரையில் நடந்து இறங்கிச் சுழியோடலாம் என்று ஆசை வருவது இந்த மாதங்களில்தான்.

இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கனடாவில் வளர்ந்து, விடுமுறைக்குத் தாயின் ஊருக்கு வந்த இளைஞர். அங்கே முறையாகப் பயின்று சான்றிதழ் எடுத்தவர். மற்றவர் அவருக்கு மச்சான் முறை. கடலட்டை பிடிக்கிறவர்களோடு சிலிண்டர் கட்டிப் பல பருவம் வேலை செய்தவர். கடலுக்கு அடியில் அவருக்கு இருக்கும் நிதானம் கனடாக்காரருக்கு இல்லை. கனடாக்காரர் படித்த பாதுகாப்பு விதிகள் இவருக்குத் தெரியாது. சேர்ந்து போக நல்ல சோடிதான்.

கொடி கனடாவிலிருந்து வந்தது. சிவப்புத் துணியில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரு வெள்ளைப் பட்டை, அடிக்கு அடி அளவு, ஒரு மெல்லிய தடி, ஒரு சிறிய மிதவை, அதிலிருந்து கீழே ஒரு கயிறு. முதல்நாள் மாலை கடற்படைக் காவலரணில் போய், விடியக் கடலில் இறங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கறுப்பு உடுப்போடு விடியற்காலையில் கடலுக்குள் இருந்து எழும்பி வந்தால் இந்தக் கரையில் என்ன கேள்வி வரும் என்று மச்சானுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கரையில் இருந்த வாடிகள் எதிலும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே இருவருக்கும் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் கடலுக்குப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது பழகிப்போன விஷயம். அதே கடலில் ஓடித் திரிகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது பழகவில்லை.

ஆறரை மணியளவில் இறங்கினார்கள். பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, கரைக்கு ஒத்தபடி தெற்கு நோக்கி நீள்கிறது, ஆழம் ஐந்து பாகம் வரும், அதாவது 9 மீற்றர். கனடாக்காரர் கொடிக் கயிற்றின் நுனியில் ஒரு கண்ணி போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் படம் எடுக்க வேண்டும் என்பதற்காக. பாரை ஒட்டித் தெற்கே போகப் போக, மேலே கொடியும் பின்னால் வந்தது.

சிறிது நேரத்தில் ஒரு ஃபைபர் படகு, தகப்பனும் மகனும், நண்டு வலை தூக்கப் புறப்பட்டது. கரையை விட்டுக் கொஞ்சம் போனதும் மகன் கொடியைக் கண்டார். கிட்டப் போய், எஞ்சினை நடுநிலைக்குப் போட்டு, மகன் தடியைப் பிடித்து இழுத்தார். பாரமாக இருந்தது. வலையில் ஏதோ பெரிதாகப் பட்டிருக்கிறது என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். படகு காற்றில் ஒதுங்கியது. தகப்பன் அதை நிறுத்தப் பின்னோட்டம் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் ஒரு கால் மேலே வந்தது. விசிறி துடுப்பின் நுனியை அறுத்தது. தகப்பன் எஞ்சினை உடனே நிறுத்திவிட்டார்.

கீழேயிருந்து பிடுங்கி எடுத்ததுபோல மேலே வந்தவருக்கு ஒரு விஷயம் மட்டும் பயிற்சியில் பதிந்திருந்தது. ஏறும்போது மூச்சைப் பிடிக்காதே. “ஆ” என்று கத்திக்கொண்டே வந்தேன் என்றார். அந்தச் சத்தம்தான் அவரைக் காப்பாற்றியது. 9 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேலே இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே நிறைய மூச்செடுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நெஞ்சுக்குள் இருக்கும் காற்றும் ஏறக்குறைய இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் அதைத் தாங்காது. கிழிந்து, காற்றுக் குமிழி இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகலாம். இதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை, ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான ஆழமே போதும். ஆழம் குறைவு, என்ன ஆகிவிடும் என்று கரையில் சொல்லிக்கொண்டு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வைத்தியசாலையில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து, ஓர் இரவு வைத்திருந்து விட்டார்கள். நல்ல காலம். குமிழி ஏறியிருந்தால், காற்றமுக்கத்தைக் கூட்டிச் சிகிச்சை செய்யும் அமுக்க அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வசதி திருகோணமலைக் கடற்படையிடம் உண்டு, வன்னிக்குள் இல்லை.

படகில் இருந்தவர்கள் கண்டது

தகப்பனிடம் முதலில் கேட்டது, கொடியைக் காணவில்லையா என்றுதான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“தம்பி, காணாமலா பிடிச்சு இழுத்தனாங்கள்? எங்கடை கடலிலை கொடி எண்டா வலை. வேறை என்னத்துக்கு ஆர் கொடி குத்துறான்? அதுவும் காத்துக்கு எதிரா ஓடுற கொடி. வலையைக் கொண்டு ஓடுது எண்டுதான் நினைச்சன்.”

இந்த விபத்தின் முழுக் காரணமும் இந்தப் பதிலில் இருக்கிறது. ரெஜிபோம் துண்டில் ஒரு தடி, நுனியில் கறுப்புப் பொலித்தீன் அல்லது கிழிந்த சாரத் துண்டு: வலையின் தலைப்பு எங்கே என்று காட்ட இங்கே எல்லோரும் வைப்பது அதுதான். அந்தக் கொடியின் கீழ் மனிதன் இருப்பான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நங்கூரம் போட்ட வலைக்கொடி நகராது. வழியவிட்ட வலையின் கொடி காற்றோடும் நீரோட்டத்தோடும் போகும். காற்றுக்கு எதிராக ஒரு கொடி போனால், அதன் கீழே உயிருள்ள ஏதோ இழுக்கிறது. தகப்பனின் கணக்கு முற்றிலும் சரி. உயிருள்ள ஒன்றுதான் இழுத்தது. அது சுறாவோ ஆமையோ என்று அவர் நினைத்தார், அவ்வளவுதான். அதற்கு முந்தைய கிழமை அவருக்கு ஒரு வலை காணாமல் போயிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கொடியைத் தாண்டிப் போக அவருக்கு மனம் வந்திருக்காது.

சிவப்பும் வெள்ளையும் தெரியவில்லையா என்று மகனிடம் கேட்டேன். கறுப்பாகத்தான் தெரிந்தது என்றார். மறுநாள் அதே நேரத்தில், அதே இடத்தில், கொடியை ஒரு தடியில் கட்டி மிதக்கவிட்டுப் படகில் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. கிழக்குக் கரையில் காலையில் புறப்படும் படகு சூரியனை நோக்கித்தான் ஓடுகிறது. தண்ணீரில் பட்ட வெளிச்சம் கண்ணில் அடிக்க, எதிரே இருக்கும் எந்த நிறத் துணியும் வெறும் கறுப்பு நிழல்தான். வடிவம் தெரியும், நிறம் தெரியாது. படகைத் திருப்பிச் சூரியனை முதுகுக்கு வைத்துப் பார்த்தபோது அதே கொடி பளிச்சென்று சிவப்பாக நின்றது. காலையில் கடலிலிருந்து திரும்பி வருகிற ஒரு படகு கண்டிருந்தால் விசித்திரமான கொடி என்றாவது யோசித்திருக்கும். மன்னார்ப் பக்கத்தில், சிலாவத்துறையில், கரை மேற்கைப் பார்ப்பதால் இது தலைகீழ். அங்கே பின்னேரம்தான் கண் கூசும்.

துணிக்கு இன்னொரு குறையும் உண்டு. காற்று இல்லாவிட்டால் தொங்கும், நனைந்தால் தடியில் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் படகுகளில் காட்டுகிற நீல வெள்ளை ஆல்ஃபா கொடியைக் கப்பல் மோதல் தடுப்பு விதிகள் குறைந்தது 1 மீற்றர் உயரமுள்ள விறைப்பான பலகையாக, எல்லாப் பக்கமும் தெரியும்படி வைக்கச் சொல்கின்றன. அந்தக் கொடி படகுக்குரியது. “என்னிடமிருந்து சுழியோடி இறங்கியிருக்கிறார், விலகி மெதுவாகப் போ” என்று ஒரு கப்பல் மற்றக் கப்பலுக்குச் சொல்வது. சிவப்பு வெள்ளைக் கொடி 1950களில் அமெரிக்காவில் உண்டானது. அது சுழியோடுகிற ஆள் இருக்கும் இடத்தைக் காட்டுவது. கரையிலிருந்து இறங்குகிறவருக்குப் படகே இல்லை என்பதால், இழுத்துக்கொண்டு போக இதுதான் பொருத்தம். கனடாக்காரர் கொண்டுவந்த கொடியில் பிழையில்லை.

ஆனால் அந்தக் கொடி வேலை செய்வதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. புளோரிடாவில் திறந்த கடலில் கொடிக்கு 300 அடிக்குள் வரும் படகு வேகத்தை நன்றாகக் குறைக்க வேண்டும். சுழியோடியும் கொடியிலிருந்து 300 அடிக்குள் இருக்க முயல வேண்டும். அங்கே படகு ஓட்டுகிறவருக்கு அது தெரியும், தெரியாவிட்டால் தண்டம். அளம்பிலில் ஒருவர் இந்தக் கொடியை வாழ்க்கையில் முதல்முறை காண்கிறார். மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் ஓடும் படகு 300 அடியை 12 விநாடியில் கடந்துவிடும். அந்தப் 12 விநாடியில் ஒரு புதிய கொடியின் அர்த்தத்தை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க மாட்டார்கள்; தெரிந்த அர்த்தத்தைத்தான் எடுப்பார்கள்.

கயிறும் இரண்டாவது ஆளும்

கயிற்றைக் கையில் மாட்டியது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இழுத்துச் செல்லும் மிதவையின் கயிறு கையில் பிடித்திருக்க வேண்டியது. உடம்பில் கட்டுவதோ, மணிக்கட்டில் சுற்றுவதோ, விடுபடாத கொளுக்கியில் மாட்டுவதோ கூடாது. கரையில் நின்று பார்த்தால் இது சின்ன விஷயமாகத் தெரியும். கயிறு ஒரு விசிறியில் சிக்கினால் என்ன நடக்கும் என்று படகில் வேலை செய்த எவரையும் கேளுங்கள். அன்றைக்கு மகன் கையால் இழுத்தார். அதே கயிற்றை ஓடுகிற எஞ்சின் சுற்றியிருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கயிற்றின் நீளமும் பார்க்க வேண்டும். ஐந்து பாகத் தண்ணீரில் அவர்கள் விட்டிருந்தது அதைப்போல மூன்று மடங்கு. கயிறு சுற்றும் ரீலில் சுற்றாமல் மொத்தத்தையும் விட்டதால் கொடி ஆளுக்கு மேலே நிற்கவில்லை. சோளகம் அதைக் கடல் பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தது. கொடியைச் சுற்றிப் போன படகு ஆளுக்கு மேலாலேயே போயிருக்கலாம். ரீலில் சுற்றியிருந்தால் ஆழத்துக்கு ஏற்றபடி விட்டுச் சுருக்கலாம். ஆழத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும்.

மச்சானின் நிலைமை இன்னும் மோசம். இதைச் சங்கக் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை, நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. கொடி படகுக்குள் போன அந்த நிமிடத்திலிருந்து கடல் மேல் எந்த அடையாளமும் இல்லை. கீழே இன்னொருவர் இருக்கிறார் என்பது தகப்பனுக்கும் மகனுக்கும் தெரியாது. காயப்பட்டவரை ஏற்றிக்கொண்டு அவர்கள் முழு வேகத்தில் கரைக்குத் திரும்பியிருந்தால், அந்த நேரம் பார்த்து மச்சான் தலை தூக்கியிருந்தால்?

அவர் தூக்கவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டதும் பாரில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு கீழேயே இருந்துவிட்டார். தண்ணீருக்குள் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்துவிடுவதால், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூளையால் பிரிக்க முடியாது. படகு வருகிறது என்று தெரியும், எங்கிருந்து என்று தெரியாது. அட்டைக்குப் போகிறவர்களுக்கு இது பழக்கத்தால் வந்த அறிவு: சத்தம் கேட்டால் கீழே இரு, ஓய்ந்தபிறகு எழும்பு. அவர் காத்திருந்து, படகின் முன்பக்கமான அணியத்துப் பக்கமாக, ஒரு கையை மேலே நீட்டியபடி மெதுவாக வந்தார். கனடாவில் கற்பிக்கும் பாடமும் இதைத்தான் சொல்கிறது என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு.

அவரிடம் இல்லாத ஒன்று, கீழேயிருந்து ஊதி மேலே விடக்கூடிய குழாய் மிதவை. சுருட்டி இடுப்பில் வைத்திருக்கலாம். தேவைப்படும்போது மூச்செடுக்கும் ரெகுலேற்றரிலிருந்து கொஞ்சம் காற்றை விட்டால் கயிற்றோடு மேலே போய் நிமிர்ந்து நிற்கும். கொடி போய்விட்டால் கீழேயே இருந்து இதை அனுப்பிவிட்டு, அதன் கயிற்றை ஒட்டி நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறலாம். ஆளுக்கு ஒன்று வேண்டும், சோடிக்கு ஒன்று போதாது. இழுக்கிற கொடியை யாராவது இழுத்தால் யோசிக்காமல் கையை விட்டுவிடலாம் என்ற தைரியமும் இது இடுப்பில் இருந்தால்தான் வரும்.

கொடியை விடும்போது இன்னொன்றும் நடக்கும். இந்தக் காற்றில் தனியாய் மிதக்கும் கொடி கடலுக்குள் ஓடிவிடும். கரையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு ஆளும் அங்கே என்று நினைப்பார்கள். தேடுகிற படகு கொடிக்குப் பின்னால் போகும், ஆள் பாரில் இருப்பார்.

பிறகு என்ன செய்தார்கள்

சங்கக் கூட்டம் வாடியில் நடந்தது. நீல வெள்ளைக் கொடிக்கு மாறலாமா என்று ஒருவர் கேட்டார். அதுவும் இங்கே யாருக்கும் தெரியாது என்பதால் அந்தப் பேச்சு நின்றது. பெரிய மஞ்சள் கானில் கட்டலாம் என்றார் இன்னொருவர். கான் மிதவையும் வலைக்குப் போடுகிறார்களே என்று உடனே பதில் வந்தது. நங்கூரம் போட்டு ஓரிடத்தில் நிறுத்தலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன். நிற்கிற கொடி இன்னும் நன்றாக வலை மாதிரித்தான் இருக்கும். பாரோ நீளமானது, ஆட்கள் கொடியை விட்டு விலகிப் போய்விடுவார்கள்.

கடைசியில் ஒரு வயதான சம்மாட்டி (படகு, வலைச் சொந்தக்காரர்) சொன்னதுதான் நின்றது. லொறி ரியூப். வலைக்கு எவரும் ரியூப் கட்டுவதில்லை. களப்பில் ரியூப்பில் மிதந்து தொழில் செய்கிறவர்களைப் பார்த்துப் பழகியதால், ரியூப்பைக் கண்டால் பக்கத்தில் ஆள் என்றுதான் எவருக்கும் தோன்றும். சூரியனுக்கு எதிரே கறுப்பாகத் தெரிந்தாலும் வட்டம் வட்டம்தான். அதன் நடுவில் ஒரு தடி, தடியில் துணிக்குப் பதிலாக ஒன்றுக்கொன்று குறுக்காகப் பொருத்திய இரண்டு தகடுகள், நான்கு முகத்திலும் சிவப்பில் வெள்ளைப் பட்டை. களைத்தால் பிடித்துக்கொள்ளவும், காயப்பட்டவரைச் சாய்த்துக் கொண்டுவரவும் உதவும். காற்று அதிகமாகப் பிடிப்பதால் இழுக்கக் கஷ்டம், அதை மறைக்கவில்லை. மச்சானுக்கு இன்னும் அது பிடிக்கவில்லை.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. முதல்நாள் மாலை வாடியில் சொல்ல வேண்டும். படகுகள் புறப்பட்டு முடிந்து, சூரியன் கொஞ்சம் ஏறி, எட்டு மணிக்குப் பிறகுதான் இறங்க வேண்டும். கரைவலை வளைக்கிற கரைத்துண்டில் எந்தக் கொடியோடும் இறங்கக் கூடாது. கரையில் ஒருவர் ஊதியோடும் கைத்தொலைபேசியோடும் நிற்க வேண்டும். வெளியே வந்ததும் கொடியைத் தூக்கிவிட வேண்டும். இந்தக் கடைசி விதியைத் தகப்பன்தான் போடச் சொன்னார். ஆளில்லாத கொடி இரண்டு நாள் மிதந்தால் மூன்றாம் நாள் அதை யாரும் மதிக்க மாட்டார்கள் என்றார். டைனமைட் வெடித்து மீன் பிடிப்பது பற்றியும் பேச்சு வந்தது. அதைப் போடுகிறவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று ஒருவர் சொல்ல, அது அத்தோடு விடப்பட்டது. என் கணிப்பில் விட்டிருக்கக் கூடாது. தண்ணீருக்குள் வெடித்தால் அதன் அதிர்ச்சி விலகி இருக்கிற ஆளையும் காயப்படுத்தும்.

வெட்டுப்பட்ட துடுப்புக்குத் தகப்பன் பணம் கொடுக்க வந்தார், இவர்கள் வாங்கவில்லை. கனடாக்காரர் போகும்போது தன்னுடைய ரீலையும் குழாய் மிதவையையும் மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த ஏற்பாடு இரண்டு மூன்று வாடிகளுக்குள் செல்லும். நாயாற்றிலும் கொக்கிளாயிலும் பருவத்துக்கு மேற்குக் கரையிலிருந்து சிங்கள மீனவர்கள் வந்து தொழில் செய்கிறார்கள். அவர்களுடைய படகுகளும் இந்தக் கரையை ஒட்டித்தான் ஓடுகின்றன. அவர்கள் நம் கூட்டத்தில் இருக்கவில்லை, நம் தொலைபேசி எண்ணும் அவர்களிடம் இல்லை. ரியூப்பின் படத்தையும் தகட்டின் படத்தையும் போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி எழுதி, நாயாற்று இறங்குதுறையில் ஒரு பலகை வைப்பது என்று தீர்மானம். பலகைக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, சிங்கள வரிகளை எழுதித் தர நாயாற்றிலேயே ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அது நடும்வரை செம்மலைக்குத் தெற்கே யாரும் கரையிலிருந்து இறங்குவதில்லை.